கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள்

கர்ப்பப்பையை எடுத்த பிறகு ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, பேருந்தில் போகக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கல்லூரிக்கு விடுப்பு. முதல் வாரம் படித்தேன். இரண்டாம் வாரம் எழுத்து கண்ணில் நிற்கவில்லை. மூன்றாம் வாரம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்து வீட்டிலிருந்த மகள் தன் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரை என் மடியில் வைத்தாள். "கதைதாம்மா இது. நீ கதையை மட்டும் பாரு. சண்டை வந்தா நான் போடுறேன்."

எங்கள் இருவருக்கும் நடுவே அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வேறு ஊருக்குப் போய் இந்த மாதிரி விளையாட்டுகளை உருவாக்கும் படிப்பைப் படிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இங்கேயே ஏதாவது ஒரு பட்டம், பிறகு பார்க்கலாம் என்பது என் கட்சி. அதனால் கன்ட்ரோலரைத் தந்ததில் அவளுக்கு உள்நோக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியும். கையில் வாங்கிக்கொண்டேன்.

விளையாட்டின் பெயர் டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன். பயோவேர் என்கிற கனடா நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்டது. தெடாஸ் என்ற கற்பனை நிலத்தில் நடக்கிறது. நாம் ஒரு பாத்திரத்தை உருவாக்கி, பெயர் வைத்து, அவள் என்ன பேச வேண்டும் என்பதைத் தேர்ந்துகொண்டே போகலாம். நான் காட்டில் வாழும் எல்ஃப் இனப் பெண்ணைத் தேர்ந்தேன். முகத்தில் பச்சை குத்தியவள். என் அம்மாவின் பெயரை அவளுக்கு வைத்தேன். மகள் சிரித்தாள். "பாட்டி கையில வில்லா?"

அந்த உலகத்தின் தொன்மத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராஸ்டே என்றொரு பெண், அடிமைகளை வைத்திருந்த டெவின்டர் பேரரசை எதிர்த்துப் படை நடத்தினாள். அவள் புகழைப் பொறுக்காத கணவன் மஃபெராத் அவளைக் காட்டிக்கொடுத்தான். அவளை எரித்தார்கள். அவள் பெயரில் பின்னர் திருச்சபை எழுந்தது. ஆண் துரோகம் செய்தான் என்பதால் தென்னாடுகளில் பெண்கள் மட்டுமே அதில் குருக்கள். அந்தச் சபையின் வேதம் சொல்லும் கதை இது: பேரரசின் மந்திரவாதிகள் சிலர் ஆணவத்தால் கடவுளின் பொன்னகரத்துக்குள் புகுந்தார்கள், அவர்கள் காலடி பட்டதும் நகரம் கறுத்தது, அவர்கள் அழுகிய உருவங்களாகப் பூமியில் விழுந்தார்கள், உலகின் கொள்ளைநோய் அங்கிருந்துதான் தொடங்கியது.

பெண்கள் நடத்தும் சபை என்று மகிழ்ந்துவிட முடியவில்லை. ஆண்ட்ராஸ்டேயோடு சேர்ந்து போரிட்ட ஷார்டன் என்ற எல்ஃப் தலைவனைப் பற்றிய பாடற்பகுதியை அந்தச் சபை பிற்காலத்தில் வேதத்திலிருந்து நீக்கிவிட்டது. எல்ஃப்களின் நிலத்தின் மீது படையெடுத்து அதைப் பறித்துக்கொண்ட பிறகு, அவர்களில் ஒருவன் புனித நூலுக்குள் இருப்பது சபைக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும். பாடவேறுபாடும் இடைச்செருகலும் விடுபாடும் பார்த்தே பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்த இடத்தில் முதுகு நிமிர்ந்தது. விளையாட்டை அலட்சியமாகப் பார்ப்பதை நிறுத்தினேன்.

வில்லன் கோரிஃபியஸ் அந்த மந்திரவாதிகளில் ஒருவன். கிரேக்க நாடகத்தில் பாடகர் குழுவின் தலைவனுக்கு வழங்கும் பெயர் அது. டுமாட் என்ற தெய்வத்தின் தலைமைப் பூசாரி அவன். டுமாட் மௌனத்தின் தெய்வம். மௌனத்தின் பாடகர் குழுவுக்கு ஒரு தலைவன்! குழு முழுக்க வாயை மூடியிருக்க, தலைவன் மட்டும் பேசுவான் போலும் என்று நினைத்தேன். அவன் வாயைத் திறந்ததும் அது உறுதியாயிற்று.

ஹேவன் என்ற மலைக் கிராமத்தை அவன் படை எரிக்கிறது. ஊர் மக்களைத் தேவாலயத்தின் பின்வழியாக அனுப்பிவிட்டு, அவன் கவனத்தைத் திருப்ப என் எல்ஃப் பெண் தனியாக நிற்கிறாள். கோயில் ஒன்றில் நடந்த வெடிப்பில் தப்பியபோது அவள் இடக்கையில் ஒரு பச்சை ஒளி ஒட்டிக்கொண்டது. அதை வைத்து வானத்தின் பிளவுகளை மூடிவந்தாள். கோரிஃபியஸ் வருகிறான். மூன்று ஆள் உயரம் போலத் தெரிகிறான். அந்தக் கை மணிக்கட்டைப் பற்றி அவளை அப்படியே தூக்குகிறான். பேசத் தொடங்குகிறான். நான் பட்டனை அழுத்தினேன். "இது கட்சீன்மா. பட்டன் வேலை செய்யாது. அவன் பேசி முடிக்கட்டும்" என்றாள் மகள்.

மறுநாள் அந்தப் பேச்சைத் திரும்பப் போட்டுக் கேட்டு, நோட்டில் தமிழில் எழுதி, வகுப்பில் செய்வதுபோல் உரை எழுதிப் பார்த்தேன். அவன் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். முன்பு நான் இன்னொருவரின் பெயரால் மேலுலகத்துக்குள் நுழைந்தேன், என் தெய்வங்களுக்கு நேரில் தொண்டு செய்ய. அங்கே குழப்பமும் அழுகலும்தான் இருந்தன. ஆயிரம் ஆண்டு திகைத்துக் கிடந்தேன். இனி என் பெயராலேயே போவேன்; வாடிய பேரரசை எழுப்புவேன்; கெட்டுப்போன உலகைத் திருத்துவேன். நான் வெல்ல வேண்டும் என்று மன்றாடு. ஏனென்றால் தெய்வங்களின் ஆசனத்தை நான் பார்த்துவிட்டேன், அதில் யாருமில்லை.

நல்ல பேச்சு. எந்த மேடையிலும் கைதட்டு வாங்கும். முதலில் அதன் வரிசையைப் பாருங்கள். 'மன்றாடு' என்ற ஏவல் முன்னால் வருகிறது, காரணம் பின்னால். உண்மையான செய்தி, ஆசனம் காலி என்பது, கடைசியில். கேட்பவளுக்கு அந்த உண்மையில் தலை சுற்றும்போது, அதற்கு முன்பு வந்த கட்டளையையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிடுவாள்.

அடுத்து, 'பார்த்தேன்' என்ற வினை. பார்த்தவன் அவன் ஒருவன். சாட்சியும் அவனே, தீர்ப்பும் அவனே, தீர்ப்பின் பயனாளியும் அவனே. இந்த மூன்று வேலையையும் ஒருவரே செய்தால் நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது, ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது. ஆசனம் காலி, ஆகவே நான் உட்கார வேண்டும். நடுவில் என்ன? ஆசனம் என்று ஒன்று இருந்தால் யாராவது அதில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை. அதைச் சற்று நேரம் கழித்து அவனே சொல்லிவிடுகிறான்: இந்த உலகத்துக்குத் தேவையான தேசத்தையும் கடவுளையும் தர வேறு வழி தேடுவேன் என்கிறான். தேவை என்று யார் சொன்னது? கடவுள் இல்லை என்பதைக் கண்டுவந்தவன், கடவுளின் நாற்காலியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துடைத்துவைத்துக் காத்திருக்கிறான்.

இதையெல்லாம் மகளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா. பேசி முடிக்கிற வரைக்கும் அவன் கையை விடவே இல்ல, பாத்தியா?" என்றாள்.

நான் பார்த்திருக்கவில்லை. பேச்சில் இருந்தேன்.

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. எனக்கு நினைவு தெரியும் முன்பே அப்பா எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். பள்ளி ஆசிரியர், மாலையில் பகுத்தறிவு மேடைகளில் பேசுவார். பேய்க்குப் பயப்படாமல், கிரகணத்தில் சாப்பிட்டு, மாதவிலக்கு நாளில் எல்லா அறைக்கும் போய் வளர்ந்தேன். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன். ஆசனம் காலி என்று எனக்குச் சொன்னது அவர்தான், அது உண்மையும்கூட.

சாமி படங்கள் இருந்த சுவருக்கு முன்னால் அவருடைய சாய்வு நாற்காலி கிடந்தது. அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் அதிலிருந்து பேசுவார். அம்மா நிலைப்படியில் நின்று கேட்பாள். எழுதும்போதே கவனிக்கிறேன், அப்பாவுக்கு 'அவர்', அம்மாவுக்கு 'அவள்'. முனைவர் பட்டம் வாங்கியும் இந்த விகுதியை என்னால் மாற்ற முடியவில்லை.

இந்த விளையாட்டில் தொன்மத்தைத் திருத்துகிற ஆண் இன்னொருவனும் உண்டு. பெயர் சோலஸ். படித்தவன், மென்மையாகப் பேசுபவன். எல்ஃப் பெண்ணாக விளையாடுபவர் அவனைக் காதலிக்கலாம். நான் காதலித்தேன், மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நாள் அவன் அவளைத் தனியே அழைத்துப்போய்ச் சொல்கிறான்: உன் முகத்துப் பச்சை உன் தெய்வங்களின் அடையாளம் என்று நினைக்கிறாய், அது பழைய எல்ஃப் பிரபுக்கள் தங்கள் அடிமைகளுக்குக் குத்திய குறி. வேண்டுமானால் அழித்துவிடுகிறேன். அழிக்கலாமா, வேண்டாமா என்று திரையில் கேட்கிறது. எதைத் தேர்ந்தாலும் அதற்குப் பிறகு அவன் அவளை விட்டுப் போய்விடுகிறான்.

நான் வெகுநேரம் எதையும் அழுத்தவில்லை. என் அம்மாவின் பெயரைச் சுமந்த பெண் திரையில் நின்றுகொண்டிருந்தாள்.

அப்பா இயக்கத்துக்கு வரும் முன்பே கல்யாணம் நடந்துவிட்டது, கோயிலில், தாலியோடு. பிறகு தாலி அடிமைக் கயிறு என்று அவர் அறிந்துகொண்டார். அதிலும் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஒரு கூட்டத்தில் அம்மாவை மேடையேற்றிக் கழற்றச் சொன்னார். அம்மா கழற்றினாள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஆறு வயது, நானும் தட்டினேன். கட்டியவரும் அவர், கழற்றச் சொன்னவரும் அவர் என்பது எனக்கு உறைக்க இருபது ஆண்டு ஆயிற்று. அந்த மேடையில் ஒலிபெருக்கி அம்மாவின் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவள் விரும்பித்தான் கழற்றினாளா என்று யாருக்கும் தெரியாது. கேட்டிருந்தால் கழற்றியிருக்கலாம், வைத்துக்கொண்டும் இருந்திருக்கலாம். அடிமைக் குறியை அகற்றுவது விடுதலைதான். அகற்று என்று உத்தரவிடுவது என்ன என்பதற்கு நம் மேடைகளில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

"வேண்டாம்" என்பதைத் தேர்ந்தேன். அந்தப் பச்சை புனிதம் என்று நினைத்ததால் இல்லை. அது அவள் முகம், அவன் சொன்ன நேரத்தில் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதற்காக. 2015இல் வெளிவந்த பின்கதையில் இதே சோலஸ், உலகத்தைத் திருத்துவதற்காக இப்போதைய உலகத்தையே அழிக்கப் போகிறேன் என்கிறான். கோரிஃபியஸ் கையில் இருந்த மந்திர உருண்டையே சோலஸுடையது என்பதும் அப்போது தெரியவருகிறது. அந்தக் கதையின் முடிவில் கையிலிருக்கும் ஒளி அவளைக் கொன்றுகொண்டிருக்க, அதை அவன் நீக்குகிறான். உயிர் பிழைக்கிறாள். இடக்கை போய்விடுகிறது.

இதையெல்லாம் சொல்வதால் நான் பழைய தொன்மங்களுக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொன்மம் உடையட்டும். உடைந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி. அதற்கு இந்த விளையாட்டிலேயே இன்னொரு விடையும் இருக்கிறது.

கோயில் வெடிப்பிலிருந்து என் எல்ஃப் பெண் வெளியே விழுந்தபோது, அவளுக்குப் பின்னால் ஒளியில் ஒரு பெண் நின்றதை வீரர்கள் பார்த்தார்கள். ஆண்ட்ராஸ்டேதான் அது என்று ஊர் முடிவு செய்தது. அந்த மதத்தையே சேராத காட்டுப் பெண்ணை ஆண்ட்ராஸ்டேயின் தூதர் என்று கும்பிட்டார்கள். கதையின் பாதியைத் தாண்டிய பிறகு, அவள் இழந்த நினைவு திரும்புகிறது. பின்னால் நின்றது ஆண்ட்ராஸ்டே இல்லை. திருச்சபையின் தலைவி ஜஸ்டீனியா என்ற வயதான பெண். சண்டையிடும் இரு தரப்புக்கும் சமாதானம் பேச அந்தக் கோயிலில் கூட்டம் கூட்டியவர். கோரிஃபியஸ் அவரைக் கட்டிப்போட்டுப் பலிகொடுக்க முனைந்தபோது, அவன் கையிலிருந்த உருண்டையைத் தட்டிவிட்டவர். பிறகு இருவரும் தப்பி ஓடும்போது அரக்கப் பூச்சிகள் துரத்துகின்றன. வாசலுக்கு அருகில் அவர் பிடிபடுகிறார். போ என்று சொல்லி இளையவளை அனுப்பிவிட்டுத் தான் உள்ளே நின்றுவிடுகிறார்.

இங்கும் ஆசனம் காலிதான். தெய்வம் வரவில்லை. ஆனால் தெய்வம் என்று நினைத்த இடத்தில் ஒரு கிழவியின் கை இருந்தது. கோரிஃபியஸ் வெறும் நாற்காலியைப் பார்த்துத் தன்னை அதில் பொருத்திக்கொண்டான். இவள் அந்தக் கையைப் பார்த்தபின், தன்னைத் தூதர் என்று கும்பிடுகிறவர்களிடம் உண்மையைச் சொல்லலாமா என்று யோசிக்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே ஏமாற்றம்தான். ஒருவனுக்கு அதில் அதிகாரம் கிடைத்தது, ஒருத்திக்கு யாருக்கு நன்றி சொல்வது என்பது தெரிந்தது. கடைசிச் சண்டையில் தோற்கும்போது கோரிஃபியஸ், இல்லை என்று தானே அறிவித்த அதே டுமாட்டைக் கூவி அழைக்கிறான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹேவனில் அவன் பேசிய காட்சியின் முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. ஒளியைப் பிடுங்க முடியாமல் அவளைத் தூக்கி எறிகிறான். ஒரு கல்லெறி பொறியின் மேல் போய் விழுகிறாள். அவன் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறான். அப்போது தொலைவில் மலைச்சரிவில் ஒரு தீக்கணை மேலே எழுந்து மறைகிறது. ஊர் மக்கள் பத்திரமான இடத்துக்குப் போய்விட்டார்கள் என்பதற்கான அடையாளம். அதற்காகத்தான் அவள் அவ்வளவு நேரமும் நின்று கேட்டாள். அடையாளம் கண்டதும் பொறியை உதைக்கிறாள். பனிமலை சரிந்து எல்லாவற்றையும் மூடுகிறது. தப்பிய மக்களை அவள் அந்த இரவிலேயே கண்டடைகிறாள். ஒரு வயதான பெண்குரு பாடத் தொடங்க, குளிரில் கூடியிருந்த எல்லோரும் சேர்ந்து பாடுகிறார்கள். மௌனத்தின் பாடகர் தலைவன் பேசிப் பேசி இழந்தது அந்தக் கூட்டத்தைத்தான்.

தீக்கணையைப் பார்த்ததும் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

1999. எம்.ஏ. முடித்திருந்தேன். மதுரையில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு நேர்முகம். அப்பா எனக்குத் தன் தோழர் ஒருவரின் மகனைப் பேசி முடித்திருந்தார். சாதி பார்க்காத, தாலி இல்லாத, வரதட்சிணை இல்லாத கல்யாணம். என்னைக் கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை. நேர்முகத்துக்குப் போக வேண்டாம் என்றார். இரவு ஒன்பதரைக்கு மதுரை வண்டி. எட்டரை மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அம்மா நிலைப்படிக்கு வந்து நின்று, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு கேள்வி கேட்டாள். "அன்னைக்கு மாநாட்டுல என்ன பேசினீங்க? எல்லாரும் பெருமையா சொல்லுறாங்களே." அப்பா முகம் மலர்ந்தது. ராமாயணத்திலிருந்து தொடங்கினார். நான் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகப் போனேன். அன்று அம்மாவின் கேள்வியைத் தற்செயல் என்றே நினைத்தேன். எனக்கு நல்ல நேரம், அவ்வளவுதான். பட்டம் வாங்கிய பிறகு, மகளை முனைவராக்கியது நான் என்று அப்பா மேடைகளில் சொன்னார். கையிலிருக்கும் ஒளியைத் தானே செய்ததாகக் கோரிஃபியஸும் உரிமை கொண்டாடுவான்.

அம்மாவுக்கு இப்போது எழுபத்துமூன்று வயது. போனில் கேட்டேன். "நீ அன்னைக்கு வேணும்னுதான் கேட்டியா?"

"பின்ன? அவர் பேச ஆரம்பிச்சா மணி பாக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?"

"என்னம்மா பேசினார் அன்னைக்கு?"

"யாரு கேட்டா? நான் பஸ் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டு நின்னேன்."

பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பதைப் பணிவு என்று நான் இருபது ஆண்டு வகுப்பெடுத்திருக்கிறேன். மௌனமாக்கப்பட்டவர்கள் என்று கட்டுரை எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் நிலைப்படியில் நின்ற என் அம்மாவின் காது எந்தப் பக்கம் இருந்தது என்று நான் பார்க்கவேயில்லை. அவளையும் பேச்சின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன், அப்பாவைப் போல.

அன்று மாலை மகளோடு மறுபடி வழக்கு. வெளியூர்ச் செலவு, பாதுகாப்பு, வேலைவாய்ப்பு என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். தவறாக ஒன்றும் சொல்லவில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். அவள் எதிர்த்துப் பேசாமல் தலையாட்டிக்கொண்டு இருந்தாள். அந்தத் தலையாட்டலை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியதும் நிறுத்தினேன். என் கை அவள் மணிக்கட்டின் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க எப்போ கடைசி நாள்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"போன வாரமே போட்டுட்டேன்மா. பாட்டிதான் பணம் அனுப்பினாங்க."